ரைன் நதிக்கரையில் இரண்டு நாள்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் பயணம் என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் உண்டு. ஊருக்குப் போய் வருவதே அது. பள்ளிக்கு விடுமுறை விடும் நாளை முதலில் விசாரித்துக்கொள்கிறோம். ரயில்வேயில் முன்பதிவு தொடங்கும் நாளை விரல்விட்டு எண்ணுகிறோம். முன்பு 120 நாட்களாக இருந்த அந்தக் கணக்கு, 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைந்தது. அதற்கேற்ப நம் வீட்டு நாட்காட்டியில் அடையாளமிடும் இடமும் மாறியது, பழக்கம் மாறவில்லை. திருமணம், புதுமனை புகுவிழா, குலதெய்வ வழிபாடு, பெரியவர்களின் உடல்நலம் ஆகியவையே நம் பயணங்களை முடிவு செய்கின்றன. இவற்றுள் எதுவும் குறை சொல்லத்தக்கது அன்று. ஆனால், "வாருங்கள், சும்மா போய் வருவோம்" என்று ஒரு குடும்பம் முழுவதும் கிளம்பிவிடுவது நம்மிடையே மிக அரிது.

இதற்குப் பணம் மட்டுமே காரணம் என்று கூற முடியாது. "நாம் இங்கே நிலையாக இருக்கப் போகிறவர்களா?" என்னும் எண்ணம் நெஞ்சின் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கிறது. இருபது ஆண்டுகள் ஒரே நகரில் வேலை பார்த்திருப்போம். அந்நகருக்கு மூன்று மணிப் பயணத் தொலைவில் உள்ள இடங்களைப் பார்த்திருக்க மாட்டோம். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்போம். அந்தப் பிறகு வருவதற்குள் குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நண்பர்கள் அமைந்துவிடுகிறார்கள். குடும்பத்தோடு வெளியே கிளம்பும் வயது கடந்துவிடுகிறது.

எதிர்பாராமல் அமைந்த இரண்டு நாள் பயணம் ஒன்றைப் பற்றி இம்மாதம் நம் அன்பர்களோடு பேசலாம் என்று எண்ணுகிறோம். பயணம் போன நகரம் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க். போனவர்கள் ஆறு பேர்: நாங்கள் இருவர், எங்கள் மகள், மாப்பிள்ளை, பதினான்கு வயதுப் பேத்தி, ஒன்பது வயதுப் பேரன்.

சென்ற வசந்த காலத்தில் ஜெர்மனியின் தென்மேற்கே உள்ள கார்ல்ஸ்ரூ நகரில் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அந்நாட்டுக்கு உறவினரைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு விசாவின் கணக்கு நன்றாகத் தெரியும். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. ஆகவே ஒவ்வொரு வாரமும் எண்ணிச் செலவழிக்க வேண்டிய செல்வம் ஆகிறது. ஆயினும் அந்த வாரங்கள் எப்படிக் கழிகின்றன? காலையில் மகளும் மாப்பிள்ளையும் அலுவலகம் போகிறார்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். மாலையில் எல்லோரும் களைத்து வருகிறார்கள். சனிக்கிழமை கடைக்குப் போவதிலும் துணி துவைப்பதிலும் தீர்ந்துவிடுகிறது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும், "மாமா, அத்தை, நாளைக் காலை ஸ்ட்ராஸ்பர்க் போய்விட்டு ஞாயிறு மாலை திரும்பிவிடலாமா? இரண்டு நாளும் மழை இராது என்று சொல்கிறார்கள்" என்றார். மகள் துவைக்க வேண்டிய துணிக் கூடையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். பேரன் அதற்குள் தன் காலணியைத் தேடப் போய்விட்டான். அரை மணி நேரத்தில் முடிவாயிற்று. இரவே புளியோதரை கிளறி வைத்தோம். ஆளுக்கு ஒரு மாற்றுடை, மருந்துப் பெட்டி, பாஸ்போர்ட்டுகள், ஒரு குடை ஆகியவற்றோடு இரண்டே பைகள். சுமை அவ்வளவுதான்.

இப்படி நினைத்தவுடன் கிளம்ப முடிந்ததற்கு இரண்டு ஏற்பாடுகள் காரணம். முதலாவது புகைவண்டி. அந்த மாநிலத்தின் உள்ளூர் வண்டிகளில் ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் ஒருநாள் முழுவதும் பயணம் செய்யும் வசதி உண்டு. இருக்கைக்கு முன்பதிவு தேவையில்லை. மாப்பிள்ளையிடம் மாதச் சீட்டு இருந்தது. மற்ற ஐவருக்கும் ஒரு குழுச்சீட்டே போதுமானதாயிற்று.

இரண்டாவது, எல்லை. 1985-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், லக்சம்பர்க் நாட்டில் மொசெல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்னும் சிற்றூரில், ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். தமக்குள் எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்குவது அதன் நோக்கம். 1995 மார்ச் மாதம் அது நடைமுறைக்கு வந்தது. ஐந்து நாடுகளோடு தொடங்கிய அவ்வேற்பாட்டில், 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாக இணைந்தபோது 29 நாடுகள் இருந்தன. அந்த ஊரின் பெயரே இன்று நம் பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசாவின் பெயர். அவ்விசாவைப் பெறுவதற்கு நாம் படும் பாடு நாடறிந்தது. ஆனால் பெற்றபின், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போவது பக்கத்துத் தாலுக்காவுக்குப் போவது போல் ஆகிவிடுகிறது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் இடைக்காலச் சோதனையைத் தொடங்கியது. ஆகையால் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாகாது.

மறுநாள் காலை வண்டி தெற்கு நோக்கி ஓடிற்று. இடப்புறம் கருங்காடு என்று பெயர் பெற்ற மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது. வழியில் ஓரிடத்தில் வண்டி மாறி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கேல் என்னும் ஊரில் இறங்கினோம். கேல், ரைன் நதியின் கீழ்க்கரையில் ஜெர்மனியில் உள்ளது. எதிர்க்கரை பிரான்ஸ். இரவு தங்கக் கேலிலேயே ஒரு சிறு விடுதியில் இடம் கிடைத்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பியப் பாராளுமன்றம் கூடும் வாரங்களில் விடுதிக் கட்டணம் மிகவும் ஏறிவிடும் என்பதையும், அக்கூட்டங்கள் திங்கள் முதல் வியாழன் வரை நடப்பதால் வார இறுதியில் அத்தொல்லை குறைவு என்பதையும் அன்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

கேலிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் போவதற்கு டிராம் வண்டி உண்டு. 2017 ஏப்ரல் முதல் அது ரைன் நதியைக் கடந்து ஓடுகிறது. பால்காரரும் பள்ளிச் சிறுவரும் காய்கறிப் பையோடு மூதாட்டியரும் அதில் ஏறுகின்றனர். அடுத்த நாட்டில் இறங்குகின்றனர். பேரன் சன்னலோரம் அமர்ந்து, "எல்லை எங்கே, தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஆற்றின் நடுவே அவன் எதிர்பார்த்த கம்பி வேலியோ காவற்கூண்டோ இல்லை. அவனுடைய தாயின் கைபேசியில் பிரான்ஸ் வரவேற்கிறது என்ற செய்தி வந்தபோதுதான் எல்லை கடந்துவிட்டதை அவன் நம்பினான்.

இந்நகருக்கு மூன்று பெயர்கள். பிரெஞ்சுக்காரர் ஸ்ட்ராஸ்பூர் என்பர். ஜெர்மானியர் ஷ்ட்ராஸ்பூர்க் என்பர். அம்மண்ணின் மக்கள் தம் அல்சாசிய மொழியில் ஷ்ட்ரோஸ்புரி என்பர். பாதைகள் கூடும் இடத்துக் கோட்டை என்பது பொருள். பெயருக்கேற்ப, வணிகரும் படைகளும் மாறி மாறி வந்த ஊர் இது. இல் என்னும் சிற்றாறு இரண்டாகப் பிரிந்து பழைய நகரைத் தீவாகச் சூழ்ந்துள்ளது. அத்தீவு முழுவதையும் 1988-இல் உலக மரபுச் செல்வம் என யுனெஸ்கோ அறிவித்தது.

தீவின் நடுவே மரியன்னைப் பேராலயம் எழுந்து நிற்கிறது. செந்நிற மணற்கல்லால் ஆனது. வோஜ் மலையிலிருந்து கொண்டுவந்த கல். கோபுரத்தின் உயரம் 142 மீட்டர். 1439-இல் முடிந்த அக்கோபுரம், 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயர்ந்த கட்டிடமாக விளங்கிற்று. இரட்டைக் கோபுரத்துக்கு இடம் விட்டிருந்தும் மற்றொன்று எழவே இல்லை. ஏறத்தாழ 330 படிகள் ஏறினால் 66 மீட்டர் உயரத்தில் ஒரு தளம் உண்டு. இளையவர்கள் ஏறினார்கள், நாங்கள் கீழே நின்று கையசைத்தோம்.

ஆலயத்துக்குள் ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது. அந்த இடத்துக்கு அது மூன்றாவது கடிகாரம். முதலாவது 14-ஆம் நூற்றாண்டிலும், இரண்டாவது 16-ஆம் நூற்றாண்டிலும் செய்யப்பட்டவை. இப்பொழுது இருப்பதை ஷ்வில்கே என்னும் கைவல்லாளர் 1838-இல் தொடங்கி 1842-இல் ஓடவிட்டார். கோள்களின் நிலையை அது காட்டுகிறது. ஆண்டுதோறும் நாள் மாறி வரும் ஈஸ்டர் பண்டிகையையும் பற்சக்கரங்களாலேயே கணக்கிட்டுவிடுகிறது. கணிப்பொறி தோன்றுவதற்கு நூறாண்டுக்கு முன் இதைச் செய்தார்கள் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

நண்பகல் 12-30 மணிக்கு அக்கடிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. சிறு கட்டணம் செலுத்தி முன்னதாகவே போய் நிற்க வேண்டும். பன்னிரண்டு சீடர்களின் உருவங்கள் கிறிஸ்துவின் முன் வணங்கிச் செல்கின்றன. மேலே ஒரு சேவல் சிறகடித்து மூன்று முறை கூவுகிறது. கீழ்த்தட்டில் மனித வாழ்வின் நான்கு பருவங்களைக் குறிக்கும் பதுமைகள் கால் மணிக்கு ஒன்றாக மரணத்தின் முன்னால் கடந்து போகின்றன. குழந்தை, இளைஞன், நடுவயதினன், முதியவன். "தாத்தா, அந்தக் கடைசி ஆள் உங்களைப் போலவே நடக்கிறார்" என்றான் பேரன். பக்கத்தில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாமற் போனது நல்லதாயிற்று. சிரித்தவர்கள் எங்கள் வீட்டார் மட்டுமே.

மதிய உணவை ஆற்றங்கரைப் படிகளில் உட்கார்ந்து உண்டோம். புளியோதரை அங்கே தனிச்சுவை பெற்றுவிட்டது. மரக்கறி உண்போர் அந்நகரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெல்லிய அப்பம் போன்ற மாவுத் தகட்டின்மேல் பாலேடும் வெங்காயமும் பரப்பிச் சுடும் தார்த் ஃபிளாம்பே என்பது அவ்வட்டாரத்தின் பெயர் பெற்ற உணவு. வழக்கமாக அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பார்கள். கேட்டால் காளான் போட்டதும் பாலாடைக்கட்டி போட்டதும் கிடைக்கும். கேட்காமல் வாங்கலாகாது.

அச்சுக்கலைக்கும் இந்நகருக்கும் பழைய உறவு உண்டு. கூட்டன்பர்க் 1430-களிலும் 1440-களின் தொடக்கத்திலும் இங்கே வாழ்ந்து தம் சோதனைகளை நடத்தினார். அவர் சிலை 1840 முதல் ஒரு சதுக்கத்தில் நிற்கிறது. சிலையின் பீடத்தில், அச்சுக்கலை நான்கு கண்டங்களுக்கும் செய்த நன்மையைப் புடைப்புச் சிற்பங்களாக வடித்திருக்கிறார்கள். அவற்றுள் ஆசியாவுக்கும் ஒன்று உண்டு. உலகின் முதல் அச்சுச் செய்தித்தாள் என்று கருதப்படும் இதழை யோகான் கரோலஸ் என்பவர் 1605-இல் வெளியிட்டதும் இவ்வூரில்தான். அயலூரில் வாழ்ந்துகொண்டு மாதம் ஒருமுறை தமிழ் இதழ் ஒன்றை அச்சிட்டு வீடுதோறும் அனுப்பும் நாம், அச்சதுக்கத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு வருவது முறையே அன்றோ?

பிற்பகலில் சின்ன பிரான்ஸ் எனப்படும் பகுதிக்குப் போனோம். முற்காலத்தில் தோல் பதனிடுவோரும் மாவரைப்போரும் மீனவரும் வாழ்ந்த இடம். மரச்சட்டங்கள் வெளியே தெரியும் வீடுகள். தோலை உலர்த்துவதற்காகத் திறந்த மேல்மாடங்கள். வீடுகளின் காலடியில் வாய்க்கால்கள். எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லாததால் ஒரு மதகின் அருகே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். படகுகள் மதகுக்குள் புகுவதையும், நீர் ஏறி இறங்குவதையும் பார்த்துக்கொண்டே பேசினோம்.

அந்தப் பேச்சைப் பற்றித்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் தில்லிக்கு வந்த புதிதில் மொட்டைமாடி அறை ஒன்றில் குடியிருந்ததும், தமிழ்க் குரல் கேட்டால் முன்பின் அறியாதவரையும் வீட்டுக்கு அழைத்ததும், அரிசிக்கும் காப்பிக்கொட்டைக்கும் நகரின் மறுகோடிக்குப் பேருந்து ஏறியதும் பேச்சில் வந்தன. மகள் இவற்றுள் பலவற்றை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள். மாப்பிள்ளை, தாம் முதற் குளிர்காலத்தில் தனியே பட்ட பாட்டைச் சொன்னார். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மன் மொழியிலேயே விடை சொல்லும் பேத்தி, கேள்வி கேட்கத் தொடங்கினாள். முதலில் பாதி ஜெர்மன். பிறகு கால் பங்கு ஜெர்மன். யாரும் அவளைத் திருத்தவில்லை. சொல் கிடைக்காதபோது அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் எடுத்துக் கொடுத்தாள்.

இதற்கு ஒரு வாரம் முன்புதான் மகள் எங்களிடம் மனம்விட்டுக் கேட்டிருந்தாள். "அப்பா, பிள்ளைகள் பள்ளியில் ஜெர்மன் படிக்கிறார்கள், ஆங்கிலம் படிக்கிறார்கள், பிரெஞ்சும் படிக்கிறார்கள். இதற்கு மேல் தமிழையும் அவர்கள் தலையில் ஏற்றலாமா?" என்றாள். அக்கேள்வி நியாயமானது. தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் நம் வீடுகளில் நாள்தோறும் எழும் கேள்வி அதுவே. அன்று நாங்கள் விடை சொல்லவில்லை.

ஞாயிறு காலை டிராமில் ஏறாமல் நடந்தே பிரான்சுக்குப் போனோம். ரைன் நதியின் இரு கரைகளையும் ஒரே பூங்காவாக்கி, நடுவே நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் 2004-இல் ஒரு பாலம் அமைத்திருக்கிறார்கள். பாலத்தின் நடுவே குடும்பங்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் பீரங்கிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்ற கரைகள் இவை.

நகரில் கடைகள் எல்லாம் மூடியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பில் அல்சாஸ் மாநிலம் பிரான்சின் பிற பகுதிகளை விடக் கண்டிப்பானது. ஜெர்மானிய ஆட்சியில் வந்த சில சட்டங்களை 1918-க்குப் பின்னும் அங்கே விட்டுவைத்தார்கள். புனித வெள்ளியும் டிசம்பர் 26-ஆம் நாளும் அங்கே விடுமுறை. பிரான்சின் பிற பகுதிகள் பெரும்பாலானவற்றில் அவ்வாறன்று. பிரான்சின் பெரும்பாலான பகுதிகளில் புகைவண்டிகள் இடப்புறத் தடத்தில் ஓட, அல்சாசில் ஜெர்மனியைப் போல் வலப்புறத் தடத்தில் ஓடுகின்றன. தெருப் பெயர்ப் பலகைகள் பலவற்றில் பிரெஞ்சு மேலேயும் அல்சாசிய மொழி கீழேயும் எழுதப்பட்டுள்ளன.

குடியரசுச் சதுக்கம் என்னும் இடத்தில் மரங்களின் நடுவே ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. ட்ரிவியே என்னும் சிற்பி செய்தது, 1936-இல் நிறுவப்பட்டது. ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். அவள் மடியின் இருபுறமும் இரண்டு மைந்தர்கள் உயிர் விடும் நிலையில் சாய்ந்து கிடக்கிறார்கள். ஒருவன் பிரான்சுக்காகவும் மற்றவன் ஜெர்மனிக்காகவும் போரிட்டவன் என்பர். அவர்கள் உடலில் சீருடை இல்லை. எந்நாட்டு வீரன் எவன் என்று கண்டுகொள்ள வழியில்லை. சாகும் தறுவாயில் இருவர் கைகளும் ஒன்றையொன்று பற்றுகின்றன. மற்ற ஊர்களில் தாய்நாட்டுக்காக உயிர் நீத்தோர் என்று பொறித்திருப்பார்கள். இங்கே, இறந்த நம்மவர்க்கு என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். எந்த நாட்டின் பெயரும் இல்லை.

அந்தச் சிலைக்குப் பின்னால் உள்ள வரலாற்றைப் பேத்திக்குச் சொன்னோம். 1681-இல் பதினான்காம் லூயி மன்னன் இந்நகரைப் பிரான்சுடன் சேர்த்தான். 1871-இல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. 1918-இல் பிரான்சிடம் மீண்டது. 1940-இல் நாஜிகள் கைப்பற்றினர். 1944 நவம்பர் 23-ஆம் நாள் மீண்டும் விடுதலை பெற்றது. 1869-இல் இவ்வூரில் பிறந்த ஒருவர் 75 வயது வரை வாழ்ந்திருந்தால், தம் வீட்டு வாயிலை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். நாம் வீடு மாறி ஊர் மாறியவர்கள். அவர்கள் இருந்த இடத்திலேயே அயலார் ஆனவர்கள். முதற் போரில் அல்சாஸ் இளைஞருள் பெரும்பாலோர் ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டனர். சிலர் பிரெஞ்சுப் படையில் இருந்தனர். இரண்டாம் போரில், 1942 முதல், அல்சாசிலிருந்தும் அடுத்துள்ள மொசெல் பகுதியிலிருந்தும் ஏறத்தாழ 1,30,000 பேரை நாஜிகள் வலுக்கட்டாயமாகத் தம் படையில் சேர்த்தனர்.

பேத்தி சற்று நேரம் சிலையைப் பார்த்தாள். பிறகு தமிழிலேயே கேட்டாள்: "இந்த அம்மா எந்த மொழியில் அழுதிருப்பாங்க, தாத்தா?"

பிரெஞ்சு என்றோ ஜெர்மன் என்றோ விடை சொல்ல இயலாது. அவள் பெரும்பாலும் அல்சாசிய மொழியில்தான் அழுதிருப்பாள். அது ஜெர்மன் மொழிக்கு உறவான ஒரு பேச்சு மொழி. இங்கே நம் நாட்டில் மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலைப் படித்த பிள்ளைகளுக்கு, கடைசிப் பாடம் என்னும் கதை நினைவிருக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே எழுதியது. அல்சாஸ் ஜெர்மானியர் கைக்குப் போனபின், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இனிப் பிரெஞ்சு கற்பிக்கலாகாது என்று ஆணை வருகிறது. ஆசிரியர் இறுதிப் பாடத்தை நடத்துகிறார். படித்தவர் கண் கலங்கும் கதை. ஆனால் கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அச்சிற்றூர்ச் சிறுவருள் பெரும்பாலோர் வீட்டில் பேசியது பிரெஞ்சும் அன்று. ஏட்டு ஜெர்மனும் அன்று. தாய்மார் பேசிய அல்சாசிய மொழிக்காக அங்கே கண்ணீர் விட எவரும் இல்லை.

நாஜிகள் ஆண்ட நான்கு ஆண்டுகளில் பிரெஞ்சைத் தடை செய்தார்கள். ஆட்பெயரையும் தெருப்பெயரையும் மாற்றினார்கள். போருக்குப் பின் பிரெஞ்சு அரசு மறுபக்கம் சாய்ந்தது. பிரெஞ்சு பேசுவதே நாகரிகம் என்னும் வாசகம் அக்காலத்தில் அங்கே பரவலாக ஒட்டப்பட்டிருந்தது. பள்ளியில் வீட்டுமொழிக்கு இடம் சுருங்கியது. பகைவன் மொழியின் சாயல் உள்ளது என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. பெற்றோர் பலர், பிள்ளையின் நன்மையை எண்ணி, வீட்டிலும் பிரெஞ்சுக்கு மாறினார்கள். தாத்தாவும் பாட்டியும் தமக்குள் அல்சாசிய மொழியில் பேசுவார்கள். பேரப் பிள்ளையைப் பார்த்ததும் பிரெஞ்சுக்குத் திரும்புவார்கள். இவ்வாறு இரண்டு மூன்று தலைமுறைகளில் இளையோர் நாவில் அது அரிதாகிவிட்டது. 1990-களிலிருந்து இருமொழிப் பள்ளிகள் தோன்றி அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்ய முயல்கின்றன. இரண்டு வல்லரசுகளின் படைகளுக்குத் தப்பிய மொழி, உணவு மேசையில் மெல்ல அடங்கிற்று என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பல மொழி கற்பது தாய்மொழிக்குக் கேடு என்று இதனால் முடிவு கட்டலாகாது. அதே அல்சாசில் 1875-இல் பிறந்து, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் படித்து, அங்கேயே கற்பித்தவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். இந்தியச் சிந்தனையைப் பற்றி எழுதிய நூலில் திருக்குறளைப் போற்றியவர் என்ற முறையில் அவர் நமக்கும் வேண்டியவர். இசை மேதை பாக் பற்றிய நூலை 1905-இல் பிரெஞ்சில் எழுதினார். ஜெர்மன் பதிப்பு வேண்டும் என்றபோது அதை மொழிபெயர்க்காமல் புதிதாகவே எழுதி 1908-இல் வெளியிட்டார். இரு மொழிகளில் அவ்வளவு புலமை கொண்டவருக்கு வீட்டுப் பேச்சு பாரமாக இருக்கவில்லை.

மாலை வண்டியில் திரும்பும்போது மகளின் பழைய கேள்வி மீண்டும் வந்தது. இம்முறை அவளே அதற்குப் பாதி விடை சொன்னாள். "தமிழைப் பாடமாக வைத்தால் அது நாலாவது பாடம்தான். நேற்று மதகோரம் உட்கார்ந்திருந்தது பாடமாக இல்லையே" என்றாள். பேரன் அவள் தோளில் உறங்கிக்கொண்டிருந்தான்.

மொழிக்கு வகுப்பு வேண்டும். எழுத்து கற்பிக்க ஆசிரியர் வேண்டும். சங்கம் நடத்தும் ஞாயிறு வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அவற்றுக்கு முன்பாக மொழிக்கு நேரம் வேண்டும். வேலையில்லாத, அவசரமில்லாத, தாத்தா பாட்டியோடு ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் நேரம். வீட்டில் அந்நேரத்தை வேலைகளும் கைபேசிகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இரண்டு நாள் வெளியே கிளம்பினால் அது திரும்பக் கிடைக்கிறது.

திடீர்ப் பயணத்துக்கும் ஒரு சிறு ஆயத்தம் வேண்டும். ஐரோப்பாவில் பிள்ளைகளோடு தங்கப் போகும் பெரியவர்கள், பத்து நாள் மருந்தைத் தனிப் பையில் எப்பொழுதும் கட்டி வைத்திருப்பது நன்று. விசாவுக்காக எடுக்கும் மருத்துவக் காப்பீடு, குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாவதாக இருத்தல் வேண்டும். அதன் படி ஒன்றையும் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஞாயிறன்று கடை இராது என்று எண்ணி உணவை முதல் நாளே வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் பார்க்க முயலாதீர்கள். எஞ்சிய நேரம் உட்கார்வதற்கு.

ஐரோப்பா போக வாய்ப்பில்லாதவர்கள் இதைப் படித்து ஏங்க வேண்டியதில்லை. தில்லியில் உள்ளோர்க்கு மதுராவும் ஆக்ராவும் குருட்சேத்திரமும் மூன்று நான்கு மணிப் பயணத்துக்குள் இருக்கின்றன. மும்பையில் உள்ளோர்க்குக் கார்லா குகைகள் உண்டு. கல்கத்தாவில் உள்ளோர்க்கு ஹூக்ளி ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சந்தன்நகர் உண்டு. வரும் வெள்ளிக்கிழமை மாலை, துணிக் கூடையை அப்படியே விட்டுவிட்டு, ஒரு பாத்திரம் புளியோதரையோடு கிளம்பிப் பாருங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழில் விடை சொல்லுங்கள். போய் வந்த செய்தியை இரண்டு பக்கத்தில் எழுதி இதழுக்கு அனுப்பினால் மகிழ்வோடு வெளியிடுவோம். அதைப் பிள்ளைகளே எழுதினால் இன்னும் மகிழ்வோம்.